ஒரு விரல் கனம்

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் அது ஆடுகிறது. நீங்களும் இடது முழங்கையை அழுத்தி அதை அடக்கிக்கொள்கிறீர்கள். பல நாள் பழக்கம் போலிருக்கிறது. ஒரு தாளை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகினால் தீர்ந்தது. அதைத்தான் இப்போது குனிந்து செய்தேன். எழுதிப் பாருங்கள்.

தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இரும்புப் பெட்டிகளுக்கு மட்டம் பார்த்துப் பார்த்து, எது கோணலாக நின்றாலும் எனக்குக் கை ஊறும்.

நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு வரச்சொன்னது தம்பியைப் பற்றிக் கேட்பதற்காக. செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, மருத்துவமனையின் பழைய மருந்துக் கிடங்கில், நாங்கள் கழற்றி நிறுத்தியிருந்த பெட்டிக் கதவு சாய்ந்து, எங்களோடு வேலை செய்த சுமைதூக்கி இறந்துபோனார். தம்பி அந்த இடத்திலேயே, யாரும் கேட்பதற்கு முன்பே, தன் தப்பு என்று சொல்லிவிட்டான். பக்கத்து அறையில் உட்கார்ந்து கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். 'என் கவனக்குறைவால்' என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வருகிறது. அப்புறம், அவன் வலது கையில் இரண்டு விரல் இல்லாததைச் சொல்லி, "உங்க தம்பி எப்பவுமே இப்படித்தானாம்மா?" என்று கேட்டீர்கள்.

அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த வார்த்தையை நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா இரும்புப் பெட்டி மெக்கானிக். அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்று. அன்றைக்கு அவனை இடுப்பில் தூக்கி வைத்தவள் இறக்கவே இல்லை என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான். அவனுக்கு முதலில் வந்த சொல்லே அக்காதான். அவனுக்குப் பதினாலு நடக்கும்போது அப்பாவும் போய்விட்டார். பட்டறை என் கைக்கு வந்தது. பொம்பளை இரும்பைத் தூக்குவாளா என்று கேட்டவர்கள் கேட்டார்கள். இரும்பைத் தூக்க உடம்பு வேண்டியதில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும் என்பதை அப்பா எனக்குக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி ஒரு ஆளாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவன் ஆளானபோது வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. அதை அவனிடம் சொல்லிக் காட்டியதும் கிடையாது. எப்போதாவது பேச்சுவாக்கில் வந்திருக்கலாம்.

தொழிலில் நாங்கள் இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டோம். அவனுக்குப் பூட்டு, எனக்குக் கதவு. எண் மறந்துபோன பூட்டுகளை அவன் விரலாலேயே திறப்பான். வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எண்கள் பொறித்த திருகின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சுற்றுவான். உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று உரசுவது அவனுக்கு விரல் நுனியில் தெரியும். காதில் வைத்துக் கேட்கிறான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். "காதுக்கு வேலை இல்லீங்க, அது அக்கா திட்டுறதைக் கேக்க மட்டும்தான்" என்பான். ஆணி அடிக்கும்போதுகூட அந்த இரண்டு விரலை மடக்கிக்கொண்டுதான் அடிப்பான். குழந்தையிலிருந்து அந்த விரல்களுக்கு நகம் வெட்டிவிட்டவள் நான்.

என்னுடைய வேலை கதவைக் கழற்றுவதும் மாட்டுவதும். பெரிய பெட்டியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் கதவைக் கழற்ற வேண்டும். பெட்டியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கதவில்தான் இருக்கிறது. அது தெரியாமல் அப்படியே தள்ளுகிறவர்கள் உண்டு. வழியில் கதவு திறந்துகொண்டால் பெட்டி முகம் குப்புற விழும். கழற்றுவது பெரிய காரியமில்லை. கதவை நேராகத் திறந்து, அடியில் கட்டை கொடுத்து, மூன்று கால் தாங்கியில், சங்கிலியை இழுத்துச் சுமை தூக்குகிற செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, கதவை மாட்டி மேலே தூக்கினால் கீலிலிருந்து கழன்று வந்துவிடும். மாட்டுவதுதான் வேலை. பெட்டி தரையில் நூல் பிசகாமல் மட்டமாக நிற்க வேண்டும். நானூறு கிலோ கதவை அந்தரத்தில் கொண்டுவந்து, கீழே இருக்கிற கீல் முளையின் மேல், ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி இறக்க வேண்டும். சரியாக மாட்டிய கதவை எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். சுண்டுவிரலால் தள்ளலாம்.

அவனுக்கு இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. அவன் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நல்ல பெண். எனக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். வேலை முடிந்து வந்தால் என் கையில் ஒட்டிய கிரீஸைப் பழைய துணியால் அவளே துடைத்துவிடுவாள்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது தம்பி சொன்னான். கடல் தாண்டி ஒரு பெரிய பூட்டு நிறுவனத்தில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விரலால் பூட்டுத் திறக்கிற ஆள் அவர்களுக்கு வேண்டுமாம். அங்கே போனதும் ஒரு சோதனை வைப்பார்கள், அதில் தேறிவிட்டால் நிரந்தர வேலை, வீடு, எல்லாம். அவள் அப்போது நாலு மாதம். குழந்தை அங்கேயே பிறக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"முதல்ல நாங்க போறோம். ஒரு வருஷம், அதிகமாப் போனா ஒன்றரை. அப்புறம் நீயும் வந்துடுக்கா" என்றான்.

நான் சந்தோஷம் என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவனும் சாப்பிட்டான். அவள் மட்டும் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். ஆவணக் காப்பகம் ஒன்று, பழைய நில வரைபடங்கள் வைத்திருக்கிற பெட்டி, ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதைக் கீழ்த்தளத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். முதல் நாள் கதவைக் கழற்றினோம். இரண்டாம் நாள் உருளைக் குழாய்கள் மேல் வைத்துப் பெட்டியை நகர்த்தினோம். மூன்றாம் நாள் கதவை மாட்ட வேண்டியது.

அது பகல் வேளை. அறைக்குக் கிழக்கே பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் காப்பாளரும் மட்டும்தான். காப்பாளரை நான் தேநீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அரைமணி நேரத்துக்கு முன்புதான் மூன்று பேரும் குடித்திருந்தோம். அவரும் கிளம்பிப் போனார்.

கதவு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கீல் முளைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்தக் கட்டத்தில் தம்பி ஒரு வேலை செய்வான். முளையின் தலையில் ஒரு எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும், அதன் மேல்தான் கதவு சுழல்கிறது. அந்தக் குண்டு குழியில் சரியாகப் படிந்திருக்கிறதா என்று, இரண்டு விரலில் கிரீஸ் தொட்டு, உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பான். அதற்கு முன்னால் "இரு" என்பான். நான் அசையமாட்டேன். பார்த்து முடித்து, கையை எடுத்து, தன் மார்புக்கு நேரே தூக்கி எனக்குக் காட்டிவிட்டு, "விடு" என்பான். அப்புறம்தான் நான் இறக்குவேன். பத்து வருடமாக இந்த இரண்டு சொல்லைத் தவிர அந்த நேரத்தில் நாங்கள் வேறு எதுவும் பேசியதில்லை.

செயின் பிளாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையை விட்டுவிட்டால் அதில் சுமை இறங்காது, இருக்கிற இடத்திலேயே நிற்கும். இறங்க வேண்டுமென்றால் மறுபக்கச் சங்கிலியை நாம்தான் இழுக்க வேண்டும். கையை முழுக்க நீட்டி ஒரு இழுப்பு இழுத்தால் கதவு ஒரு விரல் கனம் இறங்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கை தவறிவிட்டது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

அவன் "இரு" என்றான். விரல்களை உள்ளே விட்டான். நான் இழுத்தேன்.

ஒரே இழுப்புதான். அடுத்த நொடியே எதிர்ப்பக்கம் மூன்று இழுப்பு இழுத்துக் கதவைத் தூக்கிவிட்டேன். அவன் கத்தவில்லை. கையை எடுத்து, வழக்கம்போல மார்புக்கு நேரே தூக்கி, எனக்குக் காட்டினான். அவன் முகத்தில் வலி இன்னும் வந்திருக்கவில்லை. என்னவென்று என்னிடம் கேட்கிற முகமாக இருந்தது. சின்ன வயதில் விழுந்தால், அழலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்துத்தான் முடிவு செய்வான். அந்த முகம்.

என் பையில் சுத்தமான வெள்ளைத் துணி இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தேன். அது எதற்கென்று அப்போது நான் யோசிக்கவில்லை. அதை வைத்துக் கட்டினேன். கட்டும்போது அவன், "என்ன ஆச்சுக்கா?" என்றான்.

"நீதானடா 'விடு'ன்னு சொன்னே."

இதை நான் முன்கூட்டி நினைத்து வைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது. வந்த பிறகு, அதுதான் சரியென்று பட்டது. அவன் என்னைப் பார்த்தான். "நான் சொன்னேனா?" என்றான். சொன்னாய் என்றேன்.

மருத்துவமனையில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். அதைத்தான் நான் நினைத்தேன், அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. உயிருக்கு எதுவும் இல்லை. கை இருக்கிறது. மிச்சம் எட்டு விரல் இருக்கிறது. எட்டு விரலோடு எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள். என் கணக்கு அவ்வளவுதான். விரல் போனால் அந்த நிறுவனத்துக்கு அவன் வேண்டியதில்லை. கொஞ்ச நாள் வருத்தப்படுவான், அப்புறம் பட்டறைக்கு வருவான், பழையபடி எல்லாம் நடக்கும் என்று நினைத்தேன்.

ஒரு வாரத்துக்கு அவன் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். நான் எந்தக் குரலில் சொன்னேன், சத்தமாகவா, வாய்க்குள்ளேயா, சொல்லும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கட்டு மாற்றிவிட்டு வரும்போது படியில் நின்று, "ஞாபகம் வந்துடுச்சுக்கா. சொன்னேன். குண்டு சரியா உக்காந்துச்சுன்னு ஒரு சந்தோஷத்துல, கையை எடுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்றான். அதோடு நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே, உன் மேல் தப்பே இல்லை, நான் சொன்னதைத்தானே நீ செய்தாய் என்று என்னைத் தேற்றினான். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன்தான் இடது கையால் பிசைந்து எனக்கு ஊட்டினான்.

அவன் மனைவி, விரல் போனால் போகட்டும், இரண்டு பேரும் போகலாம், எனக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவை இந்த நிலையில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்றான். அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

நான் எதிர்பார்த்தது போல அவன் பட்டறைக்கு வந்தான். நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அவன் பேசுவது குறைந்துபோயிற்று. ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் உதட்டை மூடி, ஒரு நொடி நின்று, இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்வான். உப்பு வேண்டும் என்பதைக்கூட அப்படித்தான் சொன்னான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். அடுப்பை மூன்று தடவை பார்ப்பான். தன் வாய் எந்த நேரம் எதைச் சொல்லிவிடுமோ, தன் கை எதை விட்டுவிடுமோ என்கிற பயம். சிரிப்பு மூட்டிப் பேசுகிறவன், ஒரு வருடத்தில் வேறு ஆளாகிவிட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. அவன் அதைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான், தொடமாட்டான். ஒருநாள் அவள் பிடிவாதமாகக் குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவன் இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ, நான் போட்டுடுவேன்" என்றான். நான்தான் போய் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு கீலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து நின்று, "அண்ணி, அன்னைக்கு நிஜமா என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

எத்தனை தடவைம்மா சொல்வது என்றேன்.

"சரி. நடந்தது நடந்ததாவே இருக்கட்டும். நீங்க அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் 'விடு'ன்னு சொல்லலை, உங்களுக்குத்தான் அப்படிக் கேட்டுச்சுன்னு சொல்லுங்க. பொய்யாவாச்சும் சொல்லுங்க அண்ணி. அவர் எழுந்து நடமாட ஆரம்பிச்சுடுவார். நீங்க சொன்னா நம்புவார், நான் சொன்னா நம்பமாட்டார்."

அவள் அழவில்லை. என் கையிலிருந்த உப்புத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். பொய் சொல்லி என்னம்மா ஆகப்போகிறது, ஒரு நாள் உண்மை தெரிந்தால் அவன் இன்னும் உடைந்துபோவான் என்றேன்.

இந்தப் பதினோரு வருடத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்த்தது கதவை இழுத்ததை இல்லை. இந்தப் பதிலைத்தான். இழுத்தது ஒரு நொடி. இதற்கு எனக்கு முழுசாக ஒரு நிமிடம் அவகாசம் இருந்தது.

குழந்தைக்கு மூன்று வயது ஆகிறவரை அவள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அவன்தான் போகச் சொன்னான், என்னோடு இருந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார்கள். பிள்ளைக்கு இப்போது பத்து வயது. அப்பா நீ எப்ப வர்றே என்று கேட்கும். வருகிறேன் என்று மட்டும் அவன் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவோமோ என்று பயம்.

நானும் அவனும் மறுபடியும் பழையபடி இரண்டு பேரானோம். காலையில் ஒன்றாகக் கிளம்புவோம், சாயங்காலம் ஒன்றாக வருவோம். அவனால் நகம் வெட்ட முடியாது, நான்தான் வெட்டிவிடுவேன். அவனை நான் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்றரை வருடமாகக் கண்ணில் புரை. இடது கண்ணில் எல்லாமே பாலில் நனைத்த துணி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். வீட்டில் கண் பார்க்கிறவள் இருந்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு வராதே என்பான். அப்புறம் அவன் தனியாகப் போய், தனியாக வந்து, வேறு ஆட்களோடு பழகி, என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

மருந்துக் கிடங்கில் இருந்தது நடுத்தரப் பெட்டிதான். கதவு இருநூற்றைம்பது கிலோ இருக்கும். நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் எறும்பு. உங்களிடம் வேறு பெயர் எழுதியிருப்பீர்கள், எங்களுக்கு அவர் எறும்புதான். ஆள் ஆறடிக்கு மேல், வாசலில் குனிந்துதான் வருவார். தன் கனத்தைவிட அதிகம் தூக்குவார் என்பதால் அந்தப் பெயர். சர்க்கரை டப்பாவை ஒளித்து வையுங்கள், எறும்பு வந்துவிட்டது என்று தம்பி ஒரு காலத்தில் சொல்லுவான், அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது மாதிரி சிரிப்பார்.

கதவைக் கழற்றினோம். அதை நெட்டுக்குத்தாகச் சுவரோரம் நிறுத்தி, சறுக்காமல் அடியில் ஆப்புக் கட்டை வைக்க வேண்டும். கட்டைகளை எடுத்தது நான், வைத்ததும் நான். வைக்கும்போது ஒரு கட்டையில் விரலுக்கு என்னவோ நெருடியது. கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் தம்பி கவனித்துவிடுவான் என்று அப்படியே வைத்துவிட்டேன். அவன், "கட்டை சரியா இருக்காக்கா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் மூன்று தடவை பார்க்கிறவன், நான் வைத்ததை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வான். குனிந்து பார்க்கமாட்டான். தன் கண்ணைவிட என் வாயை அவன் அதிகம் நம்பினான்.

இருக்கு என்றேன்.

எறும்பு தள்ளுவண்டியின் கயிற்றை அவிழ்க்கக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார். கட்டை நெடுகப் பிளந்தது. சத்தம் ஒரு குச்சி உடைகிற அளவுக்குத்தான் இருந்தது. பெரிய உடம்பு, கதவு மேலே சாய்வதற்குள் எழுந்திருக்க நேரம் போதவில்லை. அவர் என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்றார். அது எப்போதும் நாங்கள் அவரிடம் சொல்கிற வாக்கியம்.

கிடங்குக்காரர்கள் ஓடிவந்தபோது தம்பி முட்டி போட்டு எறும்பின் தலையை மடியில் வைத்திருந்தான். அவன் ஒரு ஆளை அப்படிப் பிடித்து நான் பதினோரு வருடமாகப் பார்த்ததில்லை. யாரோ எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். வழக்கமாக நிற்கிற அந்த ஒரு நொடி அவன் நிற்கவில்லை. "என் தப்பு. நான்தான் கவனிக்கலை" என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு நாள் நின்றேன். இன்று காலை அவனுக்குச் சாப்பாடு கட்டும்போது, நாலு மாதமோ நாலு வருடமோ இந்த டப்பாவை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பி கவனக்குறைவான ஆள் இல்லை. அவனைப் போல கவனமானவனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவன் 'விடு' என்று சொல்லவில்லை. விரல் உள்ளே இருக்கிறது என்று தெரிந்து, தெரிந்துதான், நான் இழுத்தேன். செவ்வாய்க்கிழமை கட்டையை வைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

நான் போட்ட கையெழுத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் பக்கத்து அறைக்குப் போனீர்கள். சுவர் மெல்லிய சுவர்தான். நீங்கள் வாசிப்பது எனக்குக் கேட்டது, முழுவதும் வாசித்தீர்கள். நடுவில் அவன் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. வாசித்து முடித்ததும் அவன் சிரித்தான். மெதுவாக, மூக்கால் சிரிக்கிற பழைய சிரிப்பு.

"எங்க அக்கா அப்படித்தான் சார். எனக்காக என்ன வேணும்னாலும் சொல்லும். சின்ன வயசுல நான் கண்ணாடிய உடைச்சாலும் அப்பாகிட்ட நான்தான் உடைச்சேன்னு சொல்லி அடி வாங்கும். அன்னைக்கு 'விடு'ன்னு சொன்னது நான்தான் சார், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கட்டை விஷயமும், அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் குனிஞ்சு பாக்கலை. அந்தத் தப்பு என்னோடதுதானே? அக்காவை வீட்டுக்கு அனுப்பிடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்காது."

நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். அப்புறம், உங்களுக்கு அவசியமே இல்லாத ஒரு காரியத்தைச் செய்ய முன்வந்தீர்கள். அந்த அறைக் கதவைத் திறந்துவிடுகிறேன், நீங்களே போய் அவர் முன்னால் நின்று நேரில் சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால் நம்பிவிடுவார் என்றீர்கள். தம்பி மனைவி அன்றைக்குப் பட்டறையில் நின்று சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். நீங்கள் நல்ல மனிதர்.

வேண்டாம் ஐயா. தாளில் எழுதிவிட்டேன், சட்டத்துக்கு அது போதும். அவன் இருக்கிற நிலைமையில் இதை நேரில் கேட்டால் தாங்கமாட்டான். அவனுக்கு என்று இந்த உலகத்தில் அக்கா ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் இல்லை என்று ஆகிவிட்டால் அவன் எங்கே போவான்? அவனுக்காகத்தான் சொல்கிறேன்.